மணப்பாறையில் இன்னொரு முறுக்கு

மணப்பாறை என்றதும் நாக்கில் ஊறுவது முறுக்குத்தான். அந்த ஊர்த் தண்ணீரின் உப்புக் கரிப்பு அதன் ருசிக்குக் காரணம் என்று சொல்வார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்து, ஊர்ப் பெருமை சர்க்கார் ஏட்டிலும் ஏறிவிட்டது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது, பல்லில் கடித்துத் தின்னும் முறுக்கைப் பற்றி அல்ல. ஒரு பொருளைத் திருகிச் சுழற்றுகிற பலத்துக்கு மோட்டார் சாஸ்திரத்தில் 'முறுக்கு விசை' என்று பெயர். அந்த முறுக்கு பத்தில் ஒரு பங்கு குறைந்து போனதால், மணப்பாறையில் என் சித்தி வீட்டில் மூன்று வாரம் தாய்க்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தையே நின்று போயிற்று!

"மோட்டார் விவகாரம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று வண்டி ஓட்டுகிற பெண்கள் நம்மில் ஏராளம். ஓட்டாதவர்களும் மடியில் குழந்தையும் காலடியில் கூடையுமாகப் பின் ஸீட்டில் உட்கார்ந்து போகிறோம். வண்டி மலையிலிருந்து இறங்கும்போது நிற்குமா, நிற்காதா என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயந்தானே?

சித்தப்பா வீட்டில் ஒரு ஜீப் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்களே, அந்த ஜாதி. யுத்தம் முடிந்ததும் 'டிஸ்போஸல்' சாமானாக வந்ததை, சித்தப்பாவின் தகப்பனார் வாங்கிப் போட்டாராம். ஸ்டீரிங் இடது பக்கம். வேகம் காட்டும் மீட்டர் மைல் கணக்கில். கடலை மூட்டையிலிருந்து கல்யாணப் பெண் வரை அதில் ஏறாதது கிடையாது. முக்கியமாக, மாதம் ஒரு தடவை சித்தியை அவள் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிற வண்டி அதுதான். பிறந்த வீடு இருப்பது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில். மலை வாழைக்குப் பேர் போன ஊர். போகிற வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே, சித்தியின் தாயார் எண்பது வயதைத் தாண்டி, மகள் வரும் நாளை எண்ணிக் கொண்டிருக்கிறாள்.

சித்தியின் மகனுக்கு இருபத்தைந்து வயது. திருச்சியில் வேலை. ஜீப் என்றால் உயிர். ஒரு நாள் அவன் அந்தக் கிழ ஜீப்பின் 6.00-16 டயர்களைக் கழற்றிவிட்டு, சின்ன லாரிகளுக்குப் போடுகிற 7.50-16 டயர்களை, அதற்கேற்ற ரிம்முடன் மாட்டிக் கொண்டு வந்து நின்றான். பார்வைக்கு என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. தெருப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "பாதாளத்தில் விழுந்தாலும் ஏறி வந்துடும் அக்கா!" என்று என்னிடம் டெலிபோனில் பெருமையடித்துக் கொண்டான்.

பாதாளம் இருக்கட்டும், சிறுமலையே ஏறவில்லை. வழக்கமாக இரண்டாவது கியரில் முனகிக் கொண்டே ஏறிவிடுகிற வண்டி, அன்றைக்கு வளைவுக்கு வளைவு திணறியது. முதல் கியருக்கு மாற்றி மாற்றிக் கிளட்ச் தீய்ந்த நாற்றம். ஏறினதாவது போகட்டும். இறங்கும்போது, இன்ஜின் பிடித்து நிறுத்துகிற வேகத்தில் வண்டி நிற்காமல் முன்னே முன்னே ஓடியது. பிரேக்கை மிதித்து மிதித்து, கீழே வந்து சேர்ந்தபோது நான்கு சக்கரத்திலும் கை வைக்க முடியாத சூடு. சித்தி இறங்கி நின்று, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இனிமே இந்த வண்டியில நான் ஏறினா, ஏன்னு கேளு."

நான் போய்ச் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். தாயும் மகனும் என்னை நடுவில் வைத்துக் கொண்டு பேசினார்கள். கடைசியில் சித்தப்பா, பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரியை வரவழைத்தார்.

மேஸ்திரி வந்ததும் பானட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. சித்தியிடம் தையல் டேப்பை வாங்கிப் புது டயரின் உயரத்தை அளந்தார்: 31¾ அங்குலம். மூலையில் கிடந்த பழைய டயரை அளந்தார்: 28¾ அங்குலம். பிறகு பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, நடுவே ஓடுகிற ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "அம்மா, நான் சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்தறேன். அந்தக் கோடு எத்தனை தடவை மேலே வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

சித்தி எண்ணினாள். "நாலு முடிஞ்சு, அஞ்சுக்குக் கொஞ்சம் குறைச்சல்."

"அதேதான். 39-க்கு 8" என்றார் மேஸ்திரி.

அதன் பொருளையும் விளக்கினார். ஜீப்பின் அச்சுக்கு நடுவே கவிழ்த்த குண்டான் மாதிரி ஒன்று தொங்குகிறதல்லவா? அதற்குள் இரண்டு பல் சக்கரங்கள் இருக்கின்றன. இன்ஜினிலிருந்து வரும் ஷாஃப்டின் நுனியில் உள்ள சின்னதற்குப் பினியன் என்று பெயர், 8 பற்கள். சக்கரங்களைச் சுழற்றுகிற பெரியதற்குக் கிரௌன் என்று பெயர், 39 பற்கள். தையல் மெஷினில் கீழே உள்ள பெரிய சக்கரம் ஒரு தடவை சுற்றினால், மேலே உள்ள சின்னது பல தடவை சுற்றுகிறது. அங்கே நமக்கு வேகம் வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். சின்னது ஏறக்குறைய ஐந்து தடவை சுற்றினால்தான் பெரியது ஒரு தடவை சுற்றும். வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிற பண்டமாற்று என்று வைத்துக் கொள்ளுங்களேன். ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது கிரௌன் பாதிதான் சுற்றும். அதனால்தான் இரண்டு சுற்றுக் கணக்கு.

"பெரிய சக்கரம் போட்டா சுலபமா ஏறணுமே, மேஸ்திரி? எங்க தாத்தா காலத்து மாட்டு வண்டிக்கெல்லாம் ஆளுயரச் சக்கரந்தானே?" என்று கேட்டான் பிள்ளையாண்டான்.

நியாயமான கேள்வி. அதுவும் மணப்பாறையில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஊர்ச் சந்தை மாட்டின் புகழ் ஏற்கெனவே பெரிது. 1957-ல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டு, அதைப் பட்டி தொட்டியெல்லாம் கொண்டு போய்ச் சேர்த்தது. அந்த மாடு வண்டியை இழுக்கிறது. சக்கரம் பின்னால் உருண்டு வருகிறது. சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லையும் பள்ளத்தையும் லேசாகத் தாண்டும். மாட்டுக்குச் சிரமம் குறைவு. ஆனால் ஜீப்பை இழுக்க முன்னால் மாடு இல்லை. சக்கரமே தன் நடுவிலிருந்து முறுக்கப்பட்டு, தரையை உதைத்து, வண்டியை நகர்த்துகிறது. நடுவிலிருந்து தரை வரையுள்ள தூரம் கூடினால், அதே முறுக்கு விளிம்புக்கு வரும்போது தளர்ந்து போகிறது. இதைப் புரிந்து கொள்ள நமக்குப் பாடப் புத்தகம் வேண்டாம். இடுப்பில் அநாயாசமாக உட்காருகிற தண்ணீர்க் குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

மேஸ்திரி காகிதத்தில் கணக்குப் போட்டார். பழைய டயர் ஒரு சுற்றுக்கு 7½ அடி ஓடும். புதியது 8 அடி 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடும். அதாவது பத்துச் சதவிகிதம் அதிகம். உதைக்கிற பலமோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நஷ்டம். போதாததற்கு மீட்டரும் பொய் சொல்கிறது. அது பல் சக்கரத்துக்கு முன்னாலேயே சுற்றுகளை எண்ணிக் கொள்வதால், டயர் வளர்ந்தது அதற்குத் தெரியாது. 30 மைல் என்று காட்டும்போது வண்டி 33 மைலில் ஓடிக் கொண்டிருக்கும்.

"இவ்வளவும் செஞ்சு, வண்டி எத்தனை உசந்திருக்கு?" என்று கேட்டாள் சித்தி.

"டயர் மூணு அங்குலம் பெரிசு. அச்சு அதுல பாதிதானே உசரும்? ஒண்ணரை அங்குலம்."

"ஒண்ணரை அங்குலமா!" சித்தி மகனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

நோய்க்கு மருந்து உண்டு என்றார் மேஸ்திரி. டயர் எந்த விகிதத்தில் வளர்ந்ததோ, அதே விகிதத்தில் அச்சின் பல்லையும் மாற்ற வேண்டும். 31¾-ஐ 28¾-ஆல் வகுத்து, 39-ஆல் பெருக்கினால் 43 வருகிறது. 43-க்கு 8! கச்சிதமாக அப்படியொரு ஜோடி இருக்கவே இருக்கிறது. 1945-ல் வில்லிஸ் கம்பெனி, யுத்தத்துக்குப் போட்ட ஜீப்பை உழவுக்கும் பாரத்துக்கும் ஏற்றதாக மாற்றி, ஸி.ஜே. 2ஏ என்ற பெயரில் வெளியிட்டது. அதன் அச்சில் வைத்தது இந்த 43-க்கு 8-தான். அதைப் போட்டுவிட்டால் ஏறும் பலம் பழையபடி திரும்பும். மீட்டரும் மெய் பேசும்.

ஆனால் சில நிபந்தனைகள். கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று உராய்ந்து பதப்படுத்தப்பட்ட தம்பதிகள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பிரித்து வேறொன்றுடன் சேர்க்கவும் கூடாது. பற்களில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, அது பல்லின் நடுவே பொட்டு வைத்தாற்போல் பதியும் வரை மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரி செய்ய வேண்டும். நுனியில் பதிந்தாலும் அடியில் பதிந்தாலும் கொஞ்ச நாளில் ஊளையிடும். அப்புறம் பல் போகும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் செய்கிற வேலை அல்ல.

இன்னொன்று. ஜீப்புக்கு முன்னாலும் ஓர் அச்சு ஓடுகிறது. செலவைப் பார்த்துப் பின் அச்சை மட்டும் மாற்றினால், நான்கு சக்கரமும் சேர்ந்து ஓடும்போது முன்னது ஒரு கணக்கு, பின்னது ஒரு கணக்கு என்று ஆகிவிடும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் இரண்டு வேகத்தில் நடந்தால் என்ன ஆகும்? ஏதாவதொன்று முறியத்தான் வேண்டும்.

பிள்ளையாண்டானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டையும் மாத்திடலாம் மேஸ்திரி!" என்றான்.

அப்போதுதான் சித்தி கேட்டாள்: "அந்தப் பல்லை மாத்தினா, பிரேக்கும் பழையபடி பிடிக்குமா?"

மேஸ்திரி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இறங்கும்போது இன்ஜின் பழையபடி இழுத்துப் பிடிக்கும் அம்மா. ஆனா, காலால மிதிக்கிற பிரேக் சக்கரத்துக்குள்ளேயே இருக்கு. அதுக்கும் இந்தப் பல்லுக்கும் சம்பந்தமில்லே. சக்கரம் பெரிசா இருக்கிற வரைக்கும் அதுக்குப் பத்துல ஒரு பங்கு குறைச்சல்தான். டயர் கனம் வேறே" என்றார்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வி பிள்ளையாண்டானுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 18 வளைவுகளிலும் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக் கொண்டு வந்தவளுக்குத்தான் தோன்றியது.

பையன் முரடன் அல்ல. அன்றிரவே சட்டத்தையும் புரட்டிப் பார்த்தான். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், வண்டியைச் செய்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். எதை மாற்றுவதானாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸிலும் முன்கூட்டிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்வது நல்லது.

காலையில் மேஸ்திரியே ஒரு வழி சொன்னார். ஸி.ஜே. 2ஏ ஜீப்புக்குக் கம்பெனி பல்லை மாற்றியதே தவிர, டயரைத் தொடவில்லை; அதே 6.00-16தான். நாமும் அப்படியே செய்தால் என்ன? பழைய டயர், புதுப் பல்! பலம் நஷ்டமாவதற்குப் பதில் பத்தில் ஒரு பங்கு லாபம். வயல் சேற்றில் பையன் ஆசைப்பட்ட இழுவை கிடைக்கும். பிரேக் பழைய பிரேக். ஒன்றரை அங்குல உயரத்தை மட்டும் தியாகம் செய்ய வேண்டும்.

பையன் தியாகம் செய்தான். பட்டறையில் ஒரு வாரம் வேலை நடந்தது. இரண்டு அச்சுக்கும் ஜோடி ஜோடியாகப் பல் மாற்றி, சாயம் தடவிப் பார்த்து, எண்ணெய் ஊற்றி மூடினார் மேஸ்திரி. லாரி டயர்கள் விற்ற கடைக்கே பாதி விலைக்குத் திரும்பிப் போயின.

அடுத்த மாதம் நானும் கூடப் போனேன். இரண்டாவது கியரிலேயே, அவசரப்படாமல், வண்டி சிறுமலை ஏறியது. வாசலில் காத்திருந்த பாட்டி மகளின் கையைப் பிடித்துக் கொண்டு, "போன மாசம் ஏன் வரலே?" என்று கேட்டாள். சித்தி பதில் சொல்லவில்லை. மகனும் ஏதோ வேலை இருப்பவன் போல வாழைத் தாரைத் தூக்கி வண்டியில் வைக்கப் போய்விட்டான்.

இறங்கும்போது ஒரு விஷயத்தை அவன் ஒப்புக் கொண்டான். டயர் சின்னது, பல் பெரியது என்பதால் மீட்டர் இப்போது மறுபடியும் பொய் சொல்கிறதாம். ஆனால் எதிர்ப்பக்கமாக! 30 மைல் காட்டினால் வண்டி உண்மையில் ஓடுவது 27 மைல்தான்.

"அது அப்படியே இருக்கட்டும்டா தம்பி, அதை மட்டும் ரிப்பேர் பண்ணிடாதே" என்றாள் சித்தி.

இன்ஜின் கூடுதலாகச் சுற்றுவதால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று சித்தப்பா முணுமுணுக்கிறார். அது மட்டும் சித்தியின் காதில் விழுவதே இல்லை.