அச்சேறாத இரண்டாவது செய்தி

பழைய பத்திரிகை நறுக்குகளை அண்மையில் ஒழுங்குபடுத்தியபோது, 2007ஆம் ஆண்டு நான் மொழிபெயர்த்து வெளியிட்ட ஒரு சிறு செய்தி கையில் அகப்பட்டது. கேப்டவுனில் எச்.ஐ.வி. தொற்றிய 263 பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்தையும், மறுசாராருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றோரில் 11 பேர் இறந்தனர்; பெறாதோரில் 21 பேர். மலிவான மாத்திரை மரணத்தைப் பாதியாக்கியது என்று தலைப்பிட்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுள் பாதிப்பேர் இரண்டு வயதைக் கடந்தவர்கள் என்பதையோ, அவர்களுள் மிகச் சிலருக்கே எச்.ஐ.வி. மருந்து கிட்டியிருந்தது என்பதையோ நான் எழுதவில்லை.

கைக்குழந்தைகளின் கதை வேறு. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2004 முதல் 2006 வரை எடுத்த கணக்கின்படி, எச்.ஐ.வி. தொற்றிய சிசுக்களுக்குக் காசநோய் ஏனைய சிசுக்களைவிட ஏறத்தாழ 24 மடங்கு கூடுதலாக ஏற்பட்டது. கண்டுபிடிப்பதும் எளிதன்று. சிசுவுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். ஆகையால் விடியற்காலையில், பால் கொடுக்குமுன், மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பை நீரை எடுக்கிறார்கள். அதிலும் கிருமிகள் மிகக் குறைவு. நோயிருந்தும் பல தடவை சோதனையில் அகப்படுவதில்லை. மலத்தைச் சோதித்து அறியும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேதான்.

2011இல் இரண்டாவது ஆய்வு வெளிவந்தது. தென்னாபிரிக்காவிலும் பொட்ஸ்வானாவிலும் மூன்று, நான்கு மாதச் சிசுக்கள் 1,300இற்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். எச்.ஐ.வி. தொற்றியோர், தாய்க்கு மட்டும் தொற்றியிருந்தோர் என்னும் இரு பிரிவிலும் அதே ஐசோனியாசிட் எந்த நன்மையையும் காட்டவில்லை. ஆனால் இம்முறை தொற்றிய சிசுக்களுள் ஏறக்குறைய அனைவருக்கும் எச்.ஐ.வி. மருந்து கிடைத்திருந்தது. நோய் அறிகுறிகளுக்குக் காத்திராமல் முதல் 12 வாரங்களுக்குள் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினால் மரணம் 76 சதவீதம் குறைகிறது என்பதைத் தென்னாபிரிக்க ஆய்வொன்று 2008இலேயே காட்டியிருந்தது. இன்று, எச்.ஐ.வி. தொற்றிய ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, காசநோயாளருடன் தொடர்பிருந்து, தனக்கு நோயில்லை என்று தெரிந்தால்தான் தடுப்பு மாத்திரை.

அந்த இரண்டாவது செய்தியும் என் மேசைக்கு வந்தது. போடவில்லை. அன்று பக்கத்தில் இடமில்லை என்று சொல்லித் தப்பலாம். 'பயனில்லை' என்பதற்குத் தலைப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை, அதுவே உண்மை.

பழைய நறுக்கின் பின்புறத்தில் 2011 என்று குறித்து, விடுபட்ட முடிவைப் பென்சிலால் இரண்டு வரியில் எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.