தலைமை ஆசிரியர் வேலைக்கு ஒரு படிப்பு உண்டா?



நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சில வருஷங்களாக ஒரு நல்ல காலம். 2023இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.67 சதவீதம் எடுத்துப் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம். 2024இல் அதே பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்துடன் அரியலூர் முதலிடம். 2025இல் பிளஸ் டூவிலும் 98.82 சதவீதத்துடன் அரியலூரே முதலிடம். சென்னையும் கோயம்புத்தூரும் பின்னால் நிற்க, சிமென்ட் லாரியும் முந்திரிக் காடும் பருத்திக் கொல்லையும் உள்ள நம் ஊர் முன்னால் நின்றது.

இதே அரியலூர்தான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி வரிசையில் இருந்தது. மாநிலச் சராசரி 80 சதவீதம், அரியலூர் 71, பெரம்பலூர் 74. கைநாட்டு வைத்த அம்மாக்களின் பிள்ளைகள் எப்படி மாநிலத்தில் முதலில் வந்தார்கள்? டீக்கடையில் கேட்டால், "கலெக்டர் நல்லவர்" என்பார்கள், "வாத்தியார்கள் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள்" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தின் உள்ளே அந்த வேலையை நடத்துகிறவர் தலைமை ஆசிரியர். அவரை யார் தயார் செய்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று எழுதலாம் என்று தோன்றியது.

என்னைப் பற்றித் தெரியாத புதியவர்களுக்கு இரண்டு வரி. பிறந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சு மொழியில், 'ப்ரெவே' வரை. ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1954இல், சட்டப்படி முடிந்தது 1962இல். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான அரியலூர்ப் பக்கம் வந்து, தமிழில் மறுபடி பரீட்சை எழுதி, சர்வீஸ் கமிஷன் தேர்வில் தேறி, இளநிலை உதவியாளராகக் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். திருச்சி மாவட்டமாக இருந்தது 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆயிற்று. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. 2002இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் கோப்புக் கட்டுகள் வண்டியேறின. அவற்றோடு நானும் ஏறி இறங்கி, 2008இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன்.

என் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒரு வகை, 'உயர்கல்வி பயில முன் அனுமதி'. ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. படிக்க வேண்டும், எம்.எட். படிக்க வேண்டும் என்று விண்ணப்பிப்பார். பெரும்பாலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக அஞ்சல் வழி. அனுமதி கொடுப்போம். படித்து முடித்ததும் சான்றிதழ் வரும், அதற்கு 'உண்மைத் தன்மை' கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம், பதில் வந்ததும் ஊக்க ஊதிய உயர்வு போடுவோம். ஒரு ஊக்க உயர்வு என்றால் இரண்டு இன்கிரிமென்ட். அது கடைசிச் சம்பளம் வரை, பென்ஷன் வரை கூட வரும். அதனால் எம்.எட். படிப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

எம்.எட். பாடத்தில் கல்வி நிர்வாகம், திட்டமிடல் என்று தாள் உண்டு. பள்ளியை எப்படி நடத்துவது, ஆசிரியரை எப்படி வழிநடத்துவது, ஊராரை எப்படிச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை பணிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்த ஆசிரியர் ஒருவரிடம், "சார், அந்தத் தாளில் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "பாஸ் பண்ணினேன் சார், இப்ப எதுக்கு அது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்ததைப் பயன்படுத்த யாரும் அவரிடம் கேட்கவில்லை. நாங்களும் சான்றிதழைத்தான் கேட்டோம். 2020 மார்ச்சில் அந்த ஊக்க ஊதிய உயர்வையே அரசு நிறுத்திவிட்டது. பின்னர் ஒரே தவணையாக ஒரு தொகை என்று மாற்றினார்கள்.

சரி, தலைமை ஆசிரியர் எப்படி ஆகிறார்? பணிமூப்பு. 'பேனல்' என்று சொல்வோம். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, தேர்ச்சி பெற்ற துறைத் தேர்வுகள். கணக்குத் தேர்வு வேண்டும், துறை நிர்வாகத் தேர்வு வேண்டும். பயணப்படி பில்லை எப்படிப் பாஸ் செய்வது, விடுப்பு விதி என்ன என்று அவற்றில் கேட்பார்கள். அதெல்லாம் அவசியம்தான், இல்லையென்றால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார். ஆனால் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பெண்பிள்ளையை எப்படித் திரும்ப அழைத்து வருவது என்று எந்தத் தேர்விலும் கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை வரை கணக்கு வாத்தியார், திங்கட்கிழமை முதல் இருபது ஆசிரியர்களுக்கும் எண்ணூறு பிள்ளைகளுக்கும் பொறுப்பு.

நான் கற்ற பிரெஞ்சு முறையில் இது வேறு மாதிரி. அங்கே 'லிசே' என்ற மேல்நிலைப் பள்ளியின் தலைவருக்கு 'ப்ரோவிசர்' என்று பெயர். நெப்போலியன் காலத்தில், 1802இல் ஏற்பட்ட பதவி. இப்போது அதற்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. தேறியபின் பயிற்சி உண்டு. வகுப்பில் பாடம் நடத்துவது ஒரு தொழில், பள்ளியை நடத்துவது இன்னொரு தொழில் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. அந்தப் பிரிவினையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தக் 'கல்வித் திட்டமிடல்' என்ற படிப்பு உலகத்தில் வளர்ந்ததில் நம்மவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. வேலூரில் 1910இல் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா, பாரிஸில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்தப் பாரிஸில்தான் 1963இல் யுனெஸ்கோ கல்வித் திட்டமிடலுக்கென்று ஒரு சர்வதேச நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் டெல்லியில் யுனெஸ்கோ உதவியோடு ஆசிய வட்டார மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுதான் வளர்ந்து 'நீபா' என்று இன்று அறியப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம். 2006 முதல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2012 முதல் அதற்குள் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது.

பட்டம் இல்லாமலே இந்தக் கல்வித் தலைமையைச் செய்து காட்டியவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் காலத்தில் கல்வி இயக்குநர். மதிய உணவுத் திட்டத்திலும், 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் அவர் கைவண்ணம் தெரியும். ஊர் மக்களே கூடி, எங்கள் பள்ளிக்குக் கரும்பலகை இல்லை, நாற்காலி இல்லை, கூரை இல்லை என்று பட்டியல் போட்டு, தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்று கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று வைத்து, நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று விதி எழுதியிருக்கிறோம். விதி இல்லாத காலத்தில் ஊர் கூடியது. சுந்தரவடிவேலு பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். 1975இல் அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் ஆதிசேஷய்யா. ஒருவர் ஊர் ஊராகப் போய் அறிந்தவர், மற்றவர் பாரிஸிலிருந்து உலகத்தை அறிந்தவர். நமக்கு இரண்டும் வேண்டும்.

இதையெல்லாம் இப்போது யோசிக்க வைத்தது ஒரு வீட்டு விஷயம். என் தங்கை பேத்தி பி.எட். முடித்துத் தனியார் பள்ளி ஒன்றில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். போன வருஷம் பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு வருஷம். தங்கை மகன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இது என்ன படிப்பு? எம்.எட்.ஆவது வாத்தியார் வேலைக்கு உதவும். இதைப் படிச்சுட்டு எந்த ஆபீஸ்ல உட்காருவா? வயசு இருபத்தாறு. ரெண்டு வருஷம் கழிச்சு மாப்பிள்ளை பார்க்கப் போனா, என்ன படிச்சிருக்கான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவன் கேட்டதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. கல்வித் துறையின் பேனலில் அந்தப் பட்டத்துக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டங்களை நிரப்பியவன், எனக்குத் தெரியும். செலவும் அதிகம். குடும்ப வருமானத்தைப் பார்த்து அங்கே உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"மாப்ளே, வேலைக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. ஆனா அவ கேக்குற கேள்வி என்னன்னு அவகிட்ட ஒருதரம் கேட்டுப் பாரு" என்றேன். அவளே பக்கத்தில் இருந்தாள். "தாத்தா, எங்க ஸ்கூல்ல மாசி மாசம் பத்துப் பிள்ளைங்க காணாமப் போயிடுதுங்க. ரிசல்ட்ல அவங்க கணக்கே வரமாட்டேங்குது. யாரும் தேடல. எனக்கு அதைத் தேடணும்" என்றாள்.

எனக்குச் சட்டென்று ஒரு தலைமை ஆசிரியை ஞாபகம் வந்தார். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. மாசியில் பருத்தி எடுக்கும் காலம். பொதுத் தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், கொல்லைக்குப் போய்விடுவார்கள். அந்த அம்மாள் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். அரசு கேட்ட பதிவேடு அல்ல. எந்தப் பிள்ளை எந்த நாள் வரவில்லை, யார் கொல்லையில் இருக்கிறாள், அம்மா என்ன சொன்னாள் என்று. சாயங்காலம் கொல்லைக்கே போய், "காலையில ரெண்டு மணி நேரம் எடுக்கட்டும், ஒன்பதரைக்கு எனக்கு அனுப்பிடு" என்று பேரம் பேசுவார். அவர் எம்.எட். படித்தவர் இல்லை. ஓய்வு பெற்ற அன்று மேசை, பீரோ, சாவி எல்லாம் பட்டியல் போட்டு ஒப்படைத்தார். அந்த நோட்டுக்குப் பட்டியலில் இடம் இல்லை. அடுத்து வந்தவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

படிப்பு என்பது அந்த நோட்டைப் பத்திரப்படுத்துவதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. ஒருவர் கண்டுபிடித்ததை எழுதி, மற்ற பள்ளியோடு ஒப்பிட்டு, எது அந்த அம்மாளின் குணம், எது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறை என்று பிரித்து, அடுத்தவருக்குக் கொடுப்பது. நம் மாவட்டங்களின் முதலிடத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சதவீதம் தேர்வு எழுதியவர்களைக் கொண்டு போடுவது. எழுதாமல் நின்றவர்கள் எத்தனை பேர், தேறியவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்றும் சேர்த்துப் பார்த்தால்தான் பெருமை முழுதாகும்.

தமிழ்நாடு அரசும் 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக்குத் தனி மாநிலக் கொள்கை வெளியிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி த. முருகேசன் குழு தயாரித்த அறிக்கையின் வழி வந்தது. எந்தக் கொள்கையும் சென்னையிலிருந்து கிளம்பி ஒரு கிராமப் பள்ளிக்குள் நுழையும்போது, தலைமை ஆசிரியர் அறை வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த அறையில் உட்காருகிறவருக்குப் பேனலில் பெயர் வருவதற்கு முன்பே ஒரு வருஷமாவது முறையான படிப்பு, நல்ல தலைமை ஆசிரியர் ஒருவரிடம் சில மாதம் கூடவே இருந்து பழகுதல், இவை வேண்டும். கணக்குத் தேர்வும் இருக்கட்டும்.

பெண் பெங்களூர் போய்விட்டாள். அப்பா முழு மனதோடு அனுப்பினான் என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியை அவன்தான் ரயிலில் ஏற்றினான். வேலை கிடைக்குமா என்பது இன்னும் பாக்கிதான்.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள் பலர் உண்டு என்று எனக்குத் தெரியும். உங்களிடம் அந்த மாதிரி நோட்டு இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். நோட்டு இல்லையென்றால், உங்கள் பள்ளியில் நின்றுபோன ஒரு பிள்ளையை எப்படித் திரும்ப அழைத்து வந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். தேதி, வகுப்பு, ஊர் போட்டு எழுதுங்கள். கோப்பு எழுதிப் பழகிய கை எனக்கு, தேவைப்பட்டால் நானே வந்து எழுதித் தருகிறேன்.