பொத்தான் உள்ளே விழுந்த நாள்

இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணி மதிப்பீட்டு நாளன்று விரிவுரையாளர் என் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். பொத்தான் உள்ளே விழுந்துவிட்டது. மூடியில் ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதன் விளிம்பில் சூட்டுப் பசை நூல் நூலாகத் தொங்கியது. அவர் திட்டவில்லை. ஓட்டைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். புள்ளித்தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அது மருந்து நேரத்தை நினைவூட்டும் பெட்டி. எங்கள் பாட்டிக்காகச் செய்தது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருந்தேன். நேரம் வந்தால் விளக்கு எரியும். மருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அணையும். மின்சுற்றிலும் நிரலிலும் ஒரு குறையும் இல்லை. பதினான்கு வாரப் பருவத்தில் பதின்மூன்று வாரங்களை அவற்றுக்கே கொடுத்திருந்தேன். பெட்டிக்குக் கொடுத்தது ஒரே ஓர் இரவு. பொத்தானின் கழுத்து 7 மில்லிமீட்டர். கையில் கிடைத்த துளையூசியோ 10 மில்லிமீட்டர். மீதி இடைவெளியைப் பசையால் அடைத்தேன். மின்னணுவியல் படிக்கும் நம்மில் எத்தனையோ பேர் இதைச் செய்திருப்போம், வெளியில் சொல்வதில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது பெட்டியைப் பையின் அடியில் மறைத்து வைத்திருந்தேன். துணி துவைக்க எடுத்த அம்மா அதை மேசைமேல் வைத்துவிட்டார். அப்பா பார்த்துவிட்டார். அப்பா செம்பனை ஆலையில் மின் பராமரிப்பு வேலை செய்பவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மற்றதெல்லாம் ஆலையில் கற்றது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மொகத்தை இப்படி வெச்சிருந்தா உள்ள என்னா இருந்து என்னம்மா?” என்றார்.

மின்பெட்டியின் முன்பக்கத்தை அவர் முகம் என்றுதான் சொல்வார். பிறகு இன்னொன்றும் கேட்டார். “பாட்டிக்குன்னு சொல்ற, இதுல என்னா எழுதியிருக்கு?”

‘மார்னிங்’, ‘நைட்’ என்று ஆங்கில எழுத்தில் ஒட்டியிருந்தேன். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கே ‘விசை’ என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் ‘சூயிஸ்’ என்றார்கள், பல்கலைக்கழகத்தில் ‘சுவிட்ச்’ என்றார்கள். நானும் மாறிக்கொண்டே வந்துவிட்டேன். அந்தப் பெட்டி பாட்டிக்காக இல்லை, புள்ளிக்காக. விரிவுரையாளர் எட்டிப் பார்த்தபோதுகூட அவ்வளவு வெட்கப்படவில்லை.

அடுத்த வாரம் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணுக் கடைகளில் அலைந்து புதிய பிளாஸ்டிக் பெட்டியும் மூன்று அளவுப் பொத்தான்களும் வாங்கி வந்தோம்: 7, 12, 22 மில்லிமீட்டர். துளையிடுவதற்கு முன் அப்பா அவற்றைப் பாட்டியின் கையில் கொடுத்தார். பாட்டிக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. சின்னப் பொத்தானை அழுத்தினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. ஆலைகளில் பார்க்கும் 22 மில்லிமீட்டர் பொத்தானை அழுத்தியதும், “இதுதாண்டி பொத்தான்” என்றார்.

ஆனால் அந்தப் பொத்தானுக்கு முதுகு நீளம். மூடிக்குப் பின்னால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். அதில் கம்பி வளையவும் இடம் வேண்டும். உள்ளே எதிலாவது இடிக்குமா என்று எப்படிப் பார்ப்பது? அப்பா, அம்மா பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மின்சுற்றுப் பலகைமேல் வைத்து, பொத்தானை மூடிக்கடியில் அது வரப்போகும் இடத்தில் ஒட்டி மூடச் சொன்னார். திறந்தபோது மாவு தாள்போல் நசுங்கியிருந்தது. பலகையை ஒரு பக்கமாக நகர்த்தினேன். எந்த விரிவுரையிலும் நான் கேட்டிராத பாடம் இது.

முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போட்டு, நடுப்புள்ளியை ஆணியால் குத்தி, முதலில் 3 மில்லிமீட்டர் துளை. பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். மெல்லிய பிளாஸ்டிக்கில் பெரிய துளையூசியை நேரே இறக்கினால் அது பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும்; வெடிக்கும், இல்லாவிட்டால் துளை வட்டமாக வராது. கீழே பலகைத்துண்டு கொடுத்து, மெதுவான வேகத்தில் ஓட்ட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு தவறு செய்தேன். விளக்குத் துளை ஒன்றை மூடியின் உட்பக்கம் அளந்து குறித்துவிட்டேன். திருப்பியதும் வலது இடதாகிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. “நானும் போட்டிருக்கேன்” என்றார், அவ்வளவுதான்.

விளக்குகளுக்கு எல்.இ.டி. (தமிழில் ஒளியுமிழ் இருமுனையம் என்பார்கள், அப்பாவிடம் சொன்னேன், “வெளக்குன்னு சொல்லும்மா” என்றார்.) 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.யின் அடியில் சிறிய விளிம்பு உண்டு. பிடிப்பான் இல்லாமல் பொருத்துவதானால் 5 மில்லிமீட்டர் துளையில் உள்ளிருந்து தள்ள வேண்டும். விளிம்பு தடுத்து நிறுத்தும். நான் கறுப்பு வளையப் பிடிப்பான் போட்டேன். பிடிப்பான்கள் கடைக்குக் கடை வேறுபடும், வெர்னியர் கெலிப்பரால் அளந்த பிறகே துளை.

முதல் இரவு சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட்டி, “கெட்டுப் போச்சுடி!” என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். ஆலையில் சிவப்பு விளக்கு ஆபத்துக்கு, மஞ்சள் கவனத்துக்கு, பச்சை இயல்புக்கு, ஐ.இ.சி. தரநிலையும் அதையே சொல்கிறது. பாட்டி தரநிலை படித்ததில்லை. மஞ்சளுக்கு மாற்றினேன். அது கண்ணைக் கூசியது. 5 வோல்ட்டில் 330 ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் போட்டேன். ஏறக்குறைய 9 மில்லிஆம்பியர் ஓடிய இடத்தில் ஒன்றரைகூட இல்லை. இரவில் அது போதும்.

‘காலை’, ‘இரவு’ என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். தவறிப்போன துளையைக் கறுப்பு ரப்பர் மூடியால் அடைத்தேன். பெட்டி இப்போது பாட்டியின் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு உடனே அணையாவிட்டால் பாட்டி அந்த ரப்பரையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாராம்.