பத்திரத்தைப் படித்துக் காட்டுங்கள்

சமரசம் பேச அரை மணி நேரம் போதும், போனிலேயே முடித்துவிடலாம் என்று சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் ஓர் இளைஞர் சொன்னார். ஓய்வு பெற்றவள் என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். பதில் சொல்ல நேரம் தரவில்லை. இங்கே சொல்கிறேன்.

பெற்றோர் பராமரிப்புக்கான 2007 சட்டப்படி வரும் ஐந்தாம் பிரிவு மனுவைக் கோட்டாட்சியர் சமரச அலுவலர்களான எங்களுக்கு அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். மகன்மேல் போட்ட மனு பெரும்பாலும் பணத்தோடு முடிந்துவிடும். மகள்மேல் போட்டதுதான் ஆளை அசத்திவிடும். வந்ததும் வராததுமாக, “எவ்வளவுன்னு சொல்லுங்க மேடம், மாசாமாசம் போட்டுடறேன். அது மொகத்துல முழிக்க மட்டும் சொல்லாதீங்க” என்பார்கள். சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். அதற்கு மேலும் தரத் தயாராக வந்தவர்கள் உண்டு. இப்போது வேலை பார்ப்பவர்கள் அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கி, ‘தீர்வு’ என்று பதிந்துவிடுகிறார்கள்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் டீச்சர் என்போம். “பெத்த தாயில்லையா” என்ற பேச்சை எங்கள் வாயிலிருந்து வரவிட மாட்டார். அதை ஊர் முழுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் இங்கே வந்திருக்கிறாள், நீயும் ஏன் சொல்கிறாய் என்பார். முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்வார். பாதிக்குப் பாதி அதில் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கும்.

தமிழ்நாட்டின் வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தால், 1989 மார்ச் 25 வரை மணமாகாதிருந்த இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. பங்கு வந்ததால்தான் அவர்கள் கையெழுத்தும் தேவைப்பட்டது. வீடு தம்பி பேருக்குப் போக அக்கா விடுதலை எழுதித் தர வேண்டும். அவளைச் சம்மதிக்க வைக்கும் வேலையை அம்மாவின் தலையில் கட்டுவார்கள். தம்பி கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். கேட்டது அம்மா.

டீச்சர் இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார். ஒரே பெஞ்சு, நடுவில் ஓர் ஆள் இடம், முன்னால் பத்திர நகல். அப்படி ஒரு நகலை அவர் படித்தபோது பக்கத்தில் இருந்தேன். எழுதிக் கொடுப்பவர்களில் முதல் பேர் அம்மா, இரண்டாவது மகள். சர்வே எண், நான்கெல்லை என எதையும் விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது.

“ஒத்த ரூபா வாங்கல” என்றார் மகள்.

டீச்சர் தலை நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பி, அம்மாவின் கைநாட்டு இருந்த இடத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் கழித்து அந்த அம்மா சொன்னார்: “தர்றேன்னுதான் சொன்னான். தரமாட்டான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா சும்மாவே போட்டிருப்பேனே!”

அதன்பிறகு இருவரும் போட்ட சண்டையை டீச்சர் தடுக்கவே இல்லை. எங்களையும் வாய் திறக்க விடவில்லை. செய்ததைச் செய்தேன் என்று ஒருவர் சொல்லாமல் மற்றவர் எதை மன்னிப்பது? அந்த ஒரு வாக்கியம் வெளியே வரத்தான் அத்தனை சர்வே எண்ணையும் படித்தார்.

மகள் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கண் ஆபரேஷனுக்குக் கூட இருக்கிறேன் என்றார், அதையும் எங்களிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் நேராகச் சொன்னார். டீச்சர் அறிக்கையில் அவ்வளவைத்தான் எழுதினார். ‘ஒன்று சேர்ந்தனர்’ என்று எழுதியிருந்தால் மேலே பாராட்டியிருப்பார்கள்.

இப்போது யாரும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதில்லை. கேட்டால், மனு பராமரிப்புத் தொகைக்குத்தானே, சொத்துக்கு இல்லையே என்கிறார்கள். சட்டம் கொடுத்த ஒரு மாதத்தில் ஒரு நகல் எடுத்துப் படிக்கக்கூடவா நாளில்லை? இரண்டு மாதம் கழித்து மனுப் போட்ட தாய் மறுபடி ஆபீஸ் வாசலில் நிற்கிறார். பணம் ஒழுங்காக வருகிறது, பிள்ளைதான் வரவில்லை என்கிறார். மனு முடிந்துவிட்டது, இதற்கெல்லாம் எங்களிடம் வராதீர்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.