பாட்டியின் பெயர் என்ன?

எமது மலையகத் தமிழ்க் குடும்பங்களில் பரம்பரைப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. தந்தையின் பெயர்தான் பிள்ளையின் முன்னெழுத்து. மணமான பின் பெண்ணின் பெயரோடு கணவனின் பெயர் சேர்ந்துகொள்கிறது. பிறந்த வீட்டின் குலதெய்வமும் மாறிவிடுகிறது. இரண்டு தலைமுறை கடந்தால் அவள் யாருடைய மகள் என்று சொல்லப் பலருக்குத் தெரிவதில்லை.

எனது பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். தந்தை, தாய் விபரங்களுக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூடு இருக்கிறது. அதற்கும் கீழே பூட்டனாருக்கு ஒரு கூடு. பாட்டிக்கு எங்கும் இடமில்லை.

இதன் வேர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் உள்ளது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்தில் பிறந்த எத்தனையோ பேருக்குப் பதிவே இருக்கவில்லை. சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். பாட்டன் பெயரைத் தேடுவது எமக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்கலாம் என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது.

பன்வில தோட்டங்களில் நான் பணி செய்கையில் வன்னியிலிருந்து ஒரு சகோதரி வந்தார். 1977 கலவரத்துக்குப் பின் அவருடைய பெற்றோர் இங்கிருந்து வன்னிக்குப் போனவர்கள். 2009இல் கடைசி இடம்பெயர்வில் பத்திரங்கள் அனைத்தும் தொலைந்தன. தாயின் பிறப்புப் பதிவு அவருக்குத் தேவைப்பட்டது. தாயின் பெயர் குப்பம்மா என்றார். தோட்டத்துக்கு எம்மவர் வைத்த பெயரை மட்டுமே சொன்னார். பதிவேட்டிலோ தோட்டங்கள் ஆங்கிலப் பெயரில் இருக்கும்.

கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு அம்மாயிதான் வழி காட்டினார். "முன்ன பொறந்த ரெண்டும் தங்கல. அதனால குப்பம்மான்னு கூப்பிட்டோம். பதிஞ்ச பேரு மீனாட்சி" என்றார். அந்தப் பெயரைக் கொண்டு தேடியபோதே பதிவு கிடைத்தது. எழுத்துப் பிழையோடு "மீனாச்சி" என்று இருந்தது. சகோதரி அந்தத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் அழுதார். தாயின் இயற்பெயரை அன்றுதான் அவர் அறிந்தார்.

எம் உறவினர் பலர் வாழும் கனடாவிலே கியூபெக் என்றொரு மாகாணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து அங்கு குடியேறியவர்களின் திருமணங்களைக் கோயில் பதிவேடுகளில் எழுதினார்கள். மணப்பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறித்தார்கள். சிலருக்குக் கூப்பிடும் பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதினார்கள். அதனால் இன்றும் அங்குள்ளவர்கள் தாய்வழியில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் தேடிப் போக முடிகிறது. 1981இல் வந்த சட்டத்தின்படி அங்கே பெண்கள் மணமான பின்னும் பிறந்த பெயரையே வைத்திருக்கிறார்கள். எம் பாட்டிமாரின் பெயரை யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழுந்தது அன்றைய சம்பளத்துக்காகத்தான்.

சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுங்கள். தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று தெரிந்தவரை எழுதுங்கள். பதிந்த பெயரையும் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். தோட்டத்தின் இரண்டு பெயர்களையும், பிறந்த ஆண்டையும், ஊரில் கும்பிட்ட சாமியையும் எழுதுங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் நாடி, காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். பத்திரங்களின் பிரதி ஒன்றை வேறொரு வீட்டிலும் வையுங்கள். ஓடும்போது எதை விட்டுவிட்டு ஓடினோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பாட்டிமார் இருக்கும்போதே கேளுங்கள். அந்தப் பெயர்கள் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.