வளைவில் அறியும் வேகம்

கொண்டாப்பூரில் வாழும் நம்மவர்க்கு வெளிவட்டச் சாலை புதியதன்று. கச்சிபௌலியைக் கடந்து அதில் ஏறினோமானால், ஹைதராபாத் மாநகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் தொலைவு அது வளைந்து செல்வதைக் காணலாம். 2023ஆம் ஆண்டில் அதன் விரைவுத் தடங்களில் வேக எல்லை மணிக்கு 120 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. அவ்வேகத்தில் நகரை ஒருமுறை சுற்றிவர 79 நிமிடங்கள் ஆகும்.

இந்த 120 கிலோமீட்டர் வேகத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டத் தளத்தில், 1911இல் முதல் 500 மைல் பந்தயம் நடைபெற்றது. அதில் வென்ற ரே ஹாரூனின் சராசரி வேகம் இதுவே. அதே தளத்தில் 1996இல் ஆரி லைண்டைக் என்னும் டச்சு வீரர், சக்கரங்கள் மூடப்படாத பந்தயக் காரில் ஒரு சுற்றை 382 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். நொடிக்கு 106 மீட்டர்! அவ்வேகத்தில் நமது வெளிவட்டச் சாலையை 25 நிமிடங்களில் சுற்றிவிடலாம்.

இத்துணை வேகம் எங்ஙனம் இயலுகிறது? நீள்வட்டத் தளத்தில் கூரிய திருப்பங்கள் இல்லை. வளைவுகள் உட்புறம் சரிந்து காரைத் தாங்குகின்றன. காரின் இறக்கைகள் காற்றின் விசையால் அதனைத் தரையோடு அழுத்துகின்றன. 2023 பிப்ரவரி 11 அன்று நம் ஹுசேன் சாகர்க் கரையில் மின்சாரப் பந்தயக் கார்கள் ஓடின அன்றோ? அங்கே 2.8 கிலோமீட்டருக்குள் 18 திருப்பங்கள். ஆதலின் வேகத்தை அடிக்கடி இழந்து மீண்டும் பெற வேண்டியதாயிற்று.

எனினும் வேகத்திற்கு எல்லை வகுப்பது எஞ்சின் மட்டுமன்று. 2001இல் டெக்சாஸ் தளத்தின் வளைவுகளில் ஓட்டுநர்களின் உடல்மீது புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு விசை தாக்கிற்று. பலருக்குத் தலை சுற்றியதால் பந்தயமே கைவிடப்பட்டது.

2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். நீள்வட்டத்தின் சரிந்த வளைவு ஒன்றும் அப்பாதையில் சேர்ந்திருந்தது. மிஷலின் டயர்கள் அவ்வளைவின் அழுத்தத்தைத் தாங்கமாட்டா என அறிந்து, 20 கார்களில் 14 விலகின. எஞ்சிய ஆறில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். நான்காமிடம் பெற்று, ஃபார்முலா ஒன்னில் புள்ளி ஈட்டிய முதல் இந்தியர் ஆனார். அவரது திறமையைப் போற்றும் நாம், விலகியோரின் விவேகத்தையும் மறத்தலாகாது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பத்தோடு இவ்வெளிவட்டச் சாலை வழியே தாயகம் செல்லும் அன்பர்கள் நம்மிடையே பலர். புறப்படுமுன் டயர்களின் காற்றையும் தேய்மானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பந்தயத் தளத்தில் மருத்துவரும் தீயணைப்போரும் காத்து நிற்பர். நெடுஞ்சாலையில் நமக்குக் காவல் நம் நிதானமே.