மடை இருக்கு, திறக்க ஆள் இல்லை

சென்னை வளர்ந்த கதையை ரோடு, ரயில், கம்பெனின்னு நிறைய பேர் எழுதிட்டாங்க. படப்பை பக்கத்து விவசாயி நான். ஏரிக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

1931-ல பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. 1937-ல கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் வந்தது. அப்புறம் ஏற்றுமதி மண்டலம், ஐ.டி. கம்பெனிகள். 2021-ல தாம்பரமே மாநகராட்சி. 1,189 சதுர கிலோமீட்டரா இருந்த சென்னைப் பெருநகர எல்லையை 2022-ல 5,904 ஆக்கிட்டாங்க.

இங்க குடிவந்தவங்கள்ல பலபேர் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் கழனி வச்சிருந்தவங்க. கட்டுப்படியாகாம வந்தாங்க. அங்க அவங்க கழனி தரிசு. இங்க அவங்க வாடகைக்கு இருக்கிற வீடும் ஒரு காலத்துக் கழனிதான். ஒரே பட்டணம் ரெண்டு ஊர்ல விவசாயத்தைக் காலி பண்ணுது.

ஏரின்னா வெறும் பள்ளம் இல்லைங்க. வரத்துக்கால்வாய், கரை, மடை, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தாதான் ஏரி. அதைப் பார்த்துக்க நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். ஐப்பசி மழையில ராத்திரி பூரா கரையிலேயே கிடப்பார். எந்த மடையை எப்போ திறக்கணும், ஏரி எப்போ கோடி போகும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அறுவடைக்கு அறுவடை ஆயக்கட்டுக்காரங்க நெல்லு அளப்பாங்க.

கழனி பிளாட் ஆனதும் நெல்லு அளக்க யாரு இருக்கா? எங்க ஊர்ல கடைசியா நீர்க்கட்டியா இருந்தவரோட பையன் இன்னைக்கு ஒரு கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி. அவனைக் குறை சொல்ல முடியாது. கால்வாய் மேல தெரு வந்தப்போ தட்டிக்கேட்கவும் ஆள் இல்லாமப் போச்சு.

எங்க பக்கத்து ஏரிங்க உபரித் தண்ணியெல்லாம் அடையாத்துக்குத்தான் போகும். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரத்துல படகு விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஏரித் தண்ணி ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. தண்ணி தன் பழைய வழியிலதான் வந்துச்சு. வழியிலதான் ஊர் இருந்தது.

அது பெருமழை, நீர்க்கட்டி இருந்திருந்தா வெள்ளமே வந்திருக்காதுன்னு சொல்ல வரலை. தண்ணியோட வழி தெரிஞ்ச மனுஷங்களை இழந்துட்டுத்தான் பட்டணம் இவ்ளோ பெருசாச்சு, அதைத்தான் சொல்றேன்.

இந்தப் பக்கம் மனை வாங்குறவங்க பட்டா, வில்லங்கம் மட்டும் பார்க்காதீங்க. புல வரைபடத்துல வாய்க்கால், ஓடை எங்க போகுதுன்னு பாருங்க. ஊர்ல வயசான ஒருத்தரைப் பிடிச்சு, "இது எந்த ஏரி ஆயக்கட்டுங்க, கோடித் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னு கேளுங்க. சொல்றதுக்கு இன்னும் நாலு பேர் இருக்கோம்.